பழைய இன்ஜெக்‌ஷன் கார்: காற்று–பெட்ரோல் கலவையை எதைக் கொண்டு அளப்பது?

"அண்ணாச்சி, வண்டி முன்ன மாதிரி இழுக்க மாட்டேங்குது. பெட்ரோலும் சும்மா குடிக்குது." ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ இருபது வயதை எட்டிய மாருதி 800, ஜென், சான்ட்ரோவைப் பட்டறைக்குக் கொண்டுவருபவர் சொல்வது பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். அடுத்து நடப்பதும் தெரிந்த கதைதான். பிளக் மாறும். ஏர் ஃபில்டர் மாறும். இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்வார்கள். கடைசியில் ஆக்ஸிஜன் சென்சாரும் மாறும். பில் சில ஆயிரங்களைத் தாண்டிய பிறகும், "பரவால்ல, ஆனா பழையபடி இல்ல" என்ற பதில்தான் வருகிறது. இத்தனை வேலைக்கு நடுவில், என்ஜினுக்குள் போகும் காற்றும் பெட்ரோலும் எந்த விகிதத்தில் கலக்கின்றன என்று அளந்து பார்ப்பது மட்டும் விட்டுப்போகிறது.

இதற்கு மெக்கானிக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது அதில் இருந்தது கார்புரேட்டர். கலவையைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு ஸ்க்ரூ. சரியா என்று சொல்ல ஒரு காது. அது போதுமானதாக இருந்தது. 2000-ஐ ஒட்டி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதும் எம்பிஎஃப்ஐ வந்தது, ஸ்க்ரூ போனது. எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்பதை ஈசிஎம் என்ற கணினிப் பெட்டி முடிவு செய்யத் தொடங்கியது. வருடக்கணக்காகப் பால்கோவா கிண்டும் கை, பதம் பார்த்தே சட்டியை இறக்கிவிடும். ஆனால் பின்னால் நின்று இன்னொரு ஆள் அடுப்பைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருந்தால் அந்தக் கைக்கும் கணக்குத் தப்பும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் ஈசிஎம் செய்வது அந்த வேலைதான். கோளாறு எங்கோ இருக்கும், ஈசிஎம் அதை ஈடுகட்டிக்கொண்டே இருக்கும், காதுக்கு எல்லாம் சரியாகவே கேட்கும்.

14.7 என்ற எண்ணும் இ20 பெட்ரோலும்

கலப்பில்லாத ஒரு கிலோ பெட்ரோல் மிச்சமின்றி எரியச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். இந்தச் சரியான அளவை 1 என்று வைத்துச் சொல்லும் எண்ணுக்கு லாம்டா என்று பெயர். லாம்டா 1-க்கு மேலே போனால் காற்று அதிகம், அதாவது 'லீன்'. 1-க்குக் கீழே வந்தால் பெட்ரோல் அதிகம், 'ரிச்'. ஐட்லிங்கிலும் சீரான ஓட்டத்திலும் லாம்டா 1-ஐ ஒட்டியே இருக்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது மட்டும் என்ஜினைக் குளிர்ச்சியாக வைக்கவும் இழுவைக்காகவும் 0.85 முதல் 0.9 வரை ரிச்சாக வைப்பார்கள். அந்த இடத்தில் லீனாக ஓடினால் சூடு ஏறும், நாக்கிங் வரும், நாளடைவில் வால்வும் பிஸ்டனும் அடிவாங்கும். ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு ஏற்றத்தில் சபரிமலை சீசனில் ஏறும் பழைய வண்டிக்கு இது ஏட்டுக் கணக்கு இல்லை.

இதில்தான் இ20 வந்து சேர்கிறது. எத்தனாலில் ஏற்கெனவே ஆக்ஸிஜன் இருப்பதால் அதற்குக் கிலோவுக்கு 9 கிலோ காற்று போதும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குச் சரியான விகிதம் ஏறக்குறைய 13.5. கலப்பில்லாத பெட்ரோலுக்கு அமைத்த ஒரு வண்டி இன்ஜெக்டரை அதே நேரம் மட்டும் திறந்து மூடினால், கலவை சுமார் 7 சதவீதம் லீனாகிவிடும். ஆக்ஸிஜன் சென்சார் நன்றாக இருந்தால் ஈசிஎம் அதைக் கண்டுபிடித்துக் கூடுதலாகப் பெட்ரோல் தெளித்துச் சரிக்கட்டும். சென்சார் வயதாகிச் சோம்பிப் போயிருந்தால் சரிக்கட்டாது. முழு ஆக்ஸிலரேட்டரில் பழைய ஈசிஎம் சென்சாரின் பேச்சையே கேட்பதில்லை. தன் நினைவில் உள்ள அட்டவணைப்படிதான் தெளிக்கும்.

மைலேஜ் பற்றியும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. கலப்பில்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து இ10-க்குச் சரிசெய்யப்பட்ட நான்கு சக்கர வண்டிகளில் இ20 போட்டால் 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையலாம் என்று 2021-இல் வெளியான நிதி ஆயோக் அறிக்கையே மதிப்பிட்டது. அந்த இழப்பை எந்த டியூனிங்கும் திருப்பித் தராது. 16 கிடைத்த இடத்தில் 15 கிடைக்கிறது என்றால் அது எரிபொருளின் குணம், விட்டுவிடலாம். 12-தான் கிடைக்கிறது என்றால் கோளாறு வண்டியில். இரண்டையும் பிரித்துச் சொல்ல அளவுக் கருவி வேண்டும். அதைப் பிரிக்காமல் "எல்லாம் எத்தனால் பண்ற வேலை" என்று சொல்லிவிடுவது இன்று பட்டறைக்கும் வசதி, வண்டிக்காரருக்கும் வசதி. செலவு மட்டும் நிற்பதில்லை.

வண்டியிலேயே இருக்கும் சென்சார் எவ்வளவு சொல்லும்?

ஜெர்மனியின் போஷ் நிறுவனத்தின் லாம்டா சென்சார் 1976-இல் முதன்முதலாக வால்வோ கார்களில் பொருத்தப்பட்டது. நம் ஊர்ப் பழைய எம்பிஎஃப்ஐ வண்டிகளின் சைலன்சர் குழாயில் இருப்பதும் அதே வம்சம்தான். ஜிர்கோனியாவால் ஆன இதற்கு 'நேரோபேண்ட்' என்று பெயர். 300 டிகிரிக்கு மேல் சூடானதும் வேலை செய்யத் தொடங்கும். கலவை ரிச் என்றால் 0.8 வோல்ட்டுக்குப் பக்கம், லீன் என்றால் 0.1, 0.2 வோல்ட். நடுவில் 0.45.

ஆமாம், இல்லை என்று மட்டும் சொல்லத் தெரிந்த சாட்சி இது. ரிச்சா என்று கேட்டால் ரிச் என்று சொல்லும். எவ்வளவு என்று கேட்டால் பதில் இருக்காது. லாம்டா 0.97 ஆனாலும் 0.80 ஆனாலும் அதற்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே இந்த சென்சார் ஒயரில் ஒரு சின்ன எல்ஈடி மீட்டரை மாட்டி, விளக்கு எரிவதைப் பார்த்துக் கலவையை டியூன் செய்வது வீண் வேலை. ஓடும் வண்டியில் அந்த வோல்ட்டேஜ் எப்போதும் ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். விளக்கு ஆடுவது அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

ஆனால் சென்சார் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க இதைவிட மலிவான வழி கிடையாது. என்ஜின் நன்றாகச் சூடான பிறகு 2,500 ஆர்பிஎம்மில் நிறுத்தி, சிக்னல் ஒயரில் டிஜிட்டல் மல்டிமீட்டரை வைத்தால், எண் 0.2-க்கும் 0.8-க்கும் இடையே விடாமல் தாவ வேண்டும். 0.45-க்குப் பக்கத்திலேயே சோர்ந்து கிடந்தால் சென்சார் களைத்துவிட்டது அல்லது இன்னும் சூடாகவில்லை. ஒரே பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றால் சென்சாரை மாற்றுவதற்கு முன் கலவையைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டு எச்சரிக்கைகள்: முள் வைத்த பழைய அனலாக் மீட்டர் இந்தச் சிறு மின்னோட்டத்தையே இழுத்துத் தவறாகக் காட்டும். அதே போல சிக்னல் ஒயரில் ஓம் அளவு பார்க்கக் கூடாது, சென்சார் கெடலாம். ஹீட்டர் ஒயர்களில் மட்டும் ஓம் பார்க்கலாம்.

"ப்ளூடூத் ஸ்கேனர் ஒன்னு வாங்கி மாட்டிட்டா எல்லாம் தெரிஞ்சிரும்ல?" என்று கேட்பவர்கள் உண்டு. இந்தியாவில் ஓபிடி முறை பிஎஸ்-4 கார்களோடு 2010-க்குப் பிறகே படிப்படியாகக் கட்டாயமானது. அதற்கு முந்தைய வண்டிகளில் அந்தந்தக் கம்பெனிக்கென்று தனி மொழி. மலிவான ஸ்கேனர் பலவற்றோடு பேசவே பேசாது. பேசுகிற வண்டியாக இருந்தால் 'ஃப்யூயல் ட்ரிம்' என்ற எண்ணைப் பார்ப்பது நல்லது. ஈசிஎம் தன் கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதை அது காட்டும். பத்துக்குள் இருந்தால் பிரச்சினை இல்லை. கூட்டல் இருபதைத் தாண்டினால் எங்கோ காற்று நுழைகிறது, அல்லது பெட்ரோல் பம்ப் சோர்ந்திருக்கிறது.

புகைப் பரிசோதனை மையத்தில் சும்மா கிடக்கும் கருவி

இரண்டு ஊர்களிலும் புகைப் பரிசோதனை மையங்கள் உண்டு. சான்றிதழ் வாங்க மட்டுமே அங்கே போகிறோம். சைலன்சரில் குழாயை நுழைக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், காகிதம் வருகிறது, காசு கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். அங்கே இருப்பது நான்கு வாயு அனலைசராக இருந்தால், பழைய இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு ஊரிலேயே மிக உபயோகமான கருவி அதுதான்.

அது கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், கார்பன் டை ஆக்சைடு, ஆக்ஸிஜன் ஆகிய நான்கையும் அளக்கிறது. ஜெர்மானியரான யோஹன்னஸ் பிரெட்ஷ்னைடர் 1979-இல் வெளியிட்ட சூத்திரத்தைக் கொண்டு இந்த நான்கிலிருந்தும் லாம்டாவைக் கணக்கிடுகிறது. வேறு எந்தக் கருவிக்கும் இல்லாத ஒரு சாமர்த்தியம் இதற்கு இருக்கிறது. ஒரு சிலிண்டரில் மிஸ்ஸிங் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எரியாத பெட்ரோலும் எரியாத காற்றும் சேர்ந்தே வெளியே வருகின்றன. வண்டியின் சென்சாருக்கு ஆக்ஸிஜன் மட்டும்தான் கண்ணில் படும். 'லீன்' என்று கத்தும். ஈசிஎம் அதை நம்பி மற்ற சிலிண்டர்களுக்கும் சேர்த்துப் பெட்ரோலைக் கூட்டும். மைலேஜ் விழும், புகை நாறும், பிளக் கறுக்கும். கலவைக் கோளாறு என்று நினைத்து இன்ஜெக்டரில் கை வைப்பார்கள். உண்மையில் போனது ஒரு பிளக் ஒயராக இருக்கலாம். நான்கு வாயுக் கருவியில் ஹைட்ரோகார்பனும் ஆக்ஸிஜனும் ஒன்றாக உயர்ந்து நிற்பதைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் விஷயம் புரிந்துவிடும்.

மற்ற கோளாறுகளுக்கும் இப்படித்தான் ஒவ்வொரு முகம். கார்பன் மோனாக்சைடு உயர்ந்து, ஆக்ஸிஜன் கிட்டத்தட்ட இல்லை என்றால் நிஜமாகவே பெட்ரோல் அதிகம். கார்பன் டை ஆக்சைடு 14, 15 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருந்தால் எரிப்பு நன்றாக நடக்கிறது. கார்பன் டை ஆக்சைடு குறைந்து ஆக்ஸிஜன் மட்டும் கூடினால் சைலன்சரில் ஓட்டை இருக்கிறதா, குழாயை ஆழமாக நுழைத்தார்களா என்று முதலில் பார்க்க வேண்டும். ஆக்ஸிஜன் சென்சாரே இல்லாமல் வந்த சில தொடக்க கால இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் கலவையைத் திருத்த ஒரு சிறு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். அதைத் திருகுவதானால் இந்தக் கருவி ஓடும்போது மட்டுமே திருக வேண்டும்.

குறையும் உண்டு. புகை குழாய் வழியாகக் கருவிக்குப் போய்ச் சேரச் சில விநாடிகள் ஆகும். நின்ற இடத்தில் அளக்கத்தான் லாயக்கு. ஓடும்போது, அதுவும் ஏற்றத்தில், இது உதவாது. ஆக்ஸிஜனை அளக்கும் செல்லுக்கு ஆயுள் குறைவு, அவ்வப்போது மாற்றி, அளவு வாயுவைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். திறந்த காற்றில் ஆக்ஸிஜன் 20.9 என்று காட்டுகிறதா என்று கேட்டுப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

விதியில் ஓர் இடைவெளி இருப்பதையும் கவனிக்க வேண்டும். பிஎஸ்-4 முதலான பெட்ரோல் கார்களுக்கு 2,500 ஆர்பிஎம்மில் லாம்டா 0.97-க்கும் 1.03-க்கும் இடையே இருக்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதி 115 கேட்கிறது. அதற்கு முந்தைய பிஎஸ்-2, பிஎஸ்-3 வண்டிகளுக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதத்துக்குள்ளும் ஹைட்ரோகார்பன் 750 பிபிஎம்முக்குள்ளும் இருந்தால் போதும். லாம்டா தேவைப்படுவது வயதான வண்டிக்குத்தான், ஆனால் அதற்குத்தான் அந்த எண் கிடைப்பதில்லை. மிகவும் லீனாக ஓடும் பழைய வண்டி இந்தப் பரிசோதனையில் தடையில்லாமல் பாஸாகிவிடும், ஏனென்றால் லீன் வண்டியில் கார்பன் மோனாக்சைடு குறைவாகத்தான் இருக்கும். வண்டிக்காரர் கையில் சான்றிதழ், என்ஜினுக்குள் நாக்கிங்.

இதைச் சரிசெய்யப் புதிய சட்டம் வேண்டியதில்லை. நான்கு வாயுவும் லாம்டாவும் கருவியின் திரையில் ஏற்கெனவே தெரிகின்றன. எந்த ஆண்டு வண்டியானாலும், கேட்பவருக்கு அவற்றை அச்சிட்டுக் கொடுக்கும்படி போக்குவரத்துத் துறை மையங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். இ20-ஐத் தவிர வேறு பெட்ரோல் கிடைக்காத நிலையில் பழைய வண்டிக்காரர்களை விட்டுவிட்டு, தங்கள் வண்டி அதை எப்படித் தாங்குகிறது என்று தெரிந்துகொள்ளும் எண்ணையும் கொடுக்காமல் இருப்பது நியாயமாக இல்லை.

வைட்பேண்ட்: எப்போது வேண்டும், யாருக்கு வேண்டும்?

கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேயில் வண்டி ஓட்டும் பையன்கள் வாயில் அடிக்கடி வரும் பெயர் வைட்பேண்ட். லாம்டா எவ்வளவு என்று எண்ணாகவே சொல்லும் சென்சார் இது. ஓடும் வண்டியில், முழு ஆக்ஸிலரேட்டரில், நொடிக்கு நொடி சொல்லும். உள்ளே ஆக்ஸிஜனை ஏற்றி இறக்கும் ஒரு பம்ப் செல் இருக்கிறது. அதற்கு எவ்வளவு மின்னோட்டம் தேவைப்படுகிறது என்பதிலிருந்து கலவையைக் கணிக்கிறது. கடைகளில் போஷின் எல்எஸ்யூ 4.2, 4.9 என்ற இரண்டு வகை சென்சார்களோடு கிட்டுகள் வருகின்றன. வாங்குவதானால் 4.9 நல்லது. 4.2 வெளிக்காற்றை ஒப்பிட்டு அளப்பதால் காலப்போக்கில் அளவு நகரும்.

சொந்தக் காருக்காக ஒருவர் இதை வாங்குவது பெரும்பாலும் வீண். கம்பெனி ஈசிஎம்மில் கலவை அட்டவணையை மாற்ற வழியில்லாதபோது, தினமும் எண்ணைப் பார்த்துக்கொண்டே போவதில் என்ன இருக்கிறது? ஆனால் பட்டறைக்கு இது வேறு விஷயம். சுமார் 12 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இந்த இரு ஊர்களுக்கும் சேர்த்து ஒன்றிரண்டு பட்டறைகளில் இருந்தால்கூடப் போதும். ஏற்றத்தில் மட்டும் நாக்கிங் வருகிற வண்டி, புது பம்ப் போட்டும் இழுக்காத வண்டி, எல்பிஜி கிட்டைக் கழற்றிவிட்டுப் பெட்ரோலுக்குத் திரும்பிய வண்டி போன்றவற்றுக்கு நின்ற இடத்து அளவு போதாது. முழு ஆக்ஸிலரேட்டரில் லாம்டா 0.95-ஐத் தாண்டி ஏறுகிறது என்றால், முதலில் பெட்ரோல் பிரஷர் கேஜை மாட்டிப் பார்க்க வேண்டும். பொதுவாக இரண்டரை முதல் மூன்று பார் நிற்க வேண்டிய இடத்தில் லோடு ஏறும்போது பிரஷர் விழுந்தால், குற்றவாளி ஃபில்டர் அல்லது பம்ப். ஈசிஎம்மை யாரும் தொட வேண்டியதில்லை.

திரையில் எதைப் பார்ப்பது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பெரும்பாலான வைட்பேண்ட் மீட்டர்கள் 14.7 என்று விகிதமாகக் காட்டும். அந்த எண் அளந்த எண் அல்ல, அளந்தது லாம்டா. அதை மீட்டர் தானாக 14.7-ஆல் பெருக்கிக் காட்டுகிறது. டேங்கில் இ20 இருந்தாலும் லாம்டா 1 வரும்போது திரை 14.7 என்றுதான் சொல்லும். உண்மையான விகிதம் 13.5. இதை அறியாமல், "இ20-க்கு 13.5 வரணும்னு படிச்சேன்" என்று திரையில் 13.5 வரும்வரை பெட்ரோலைக் கூட்டினால் வண்டி 8 சதவீதம் ரிச்சாக ஓடும். மீட்டரை லாம்டாவுக்கு மாற்றி வைத்துவிட்டால் இந்தக் குழப்பமே இல்லை. எத்தனால் எத்தனை சதவீதம் என்ற கவலையும் இல்லை.

மாட்டுவதிலும் சில பக்குவங்கள் உண்டு. கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்னால், குழாயின் மேல்பக்கத்தில் சாய்வாக 18 மில்லிமீட்டர் நட்டை வெல்டிங் வைக்க வேண்டும். கீழ்ப்பக்கம் வைத்தால் காலையில் குழாயில் தேங்கும் தண்ணீர் சூடான சென்சாரில் பட்டு அது விரிசல் விடும். வெல்டிங் வைக்க மனமில்லாதவர்கள் சைலன்சர் வாயில் கிளாம்ப் போட்டு அளப்பார்கள். ஓட்டத்தில் பரவாயில்லை, ஐட்லிங்கில் வெளிக்காற்று நுழைந்து லீனாகக் காட்டும். மேனிஃபோல்டு கேஸ்கட்டில் சிறு கசிவு இருந்தாலும் இதே பொய்தான். மிஸ்ஸிங் உள்ள வண்டியில் வைட்பேண்டும் ஏமாறும் என்பதால், நான்கு வாயுப் பரிசோதனை முடியாமல் இதை மாட்டுவதில் பொருளில்லை.

மில்லில் வேலை பார்த்த ராஜபாளையத்துக்காரர்களுக்கு இந்த ஒழுங்கு புதிதல்ல. நூலின் கவுண்ட்டைக் கையால் தடவிப் பார்த்து யாரும் அனுப்புவதில்லை, தராசில் வைத்துத்தான் அனுப்புகிறார்கள். ராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா பாலிடெக்னிக் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகம் இருக்கிறது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஊர் மெக்கானிக்குகளையும் பழைய வண்டிகளையும் கூப்பிட்டு இந்த அளவுகளை எடுத்துக் காட்டினால், மாணவர்களுக்கும் புத்தகத்தில் இல்லாத பாடம் கிடைக்கும்.

சாலைச் சோதனை என்று கிளம்புபவர்கள் இரண்டு பேராகப் போக வேண்டும்; ஓட்டுபவர் மீட்டரைப் பார்க்கக் கூடாது. ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் பேருந்துகளும் மில் வண்டிகளும் குறைந்திருக்கும் அதிகாலையில், ஒரே பங்கில் பெட்ரோல் போட்டு, மூன்றாவது கியரில் ஒரே இடத்திலிருந்து ஒரே வேகம் வரை இரண்டு மூன்று முறை மிதித்து, எண்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டால் போதும். வேலை முடிந்ததும் சென்சாரைக் கழற்றி, நட்டை போல்ட் போட்டு அடைத்துவிட வேண்டும். கரன்ட் இல்லாமல் சூடான புகைக்குள் விட்டுவைத்தால் அதன் மேல் கரி படிந்து, அடுத்த வண்டிக்கு அது பொய் சொல்லத் தொடங்கிவிடும்.